கொன்னை வாயும் குறுஞ்செய்தியும்

போன மாதம் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கட ஆக்களின் கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபம், றோல்ஸ், பட்டிஸ், பக்கத்தில் இருக்கிறவர் சொல்வது கேட்காத அளவுக்குப் பாட்டு. என் மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப ஒருத்தருக்கும் வாய் இல்லை. பெருவிரல் மட்டும்தான் இருக்கு. பக்கத்தில இருக்கிற மனிசரோட கதைக்காமல் போனுக்க தலையை விட்டுக்கொண்டு இருக்கினம். இது ஒரு வருத்தம்."

மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே கையில் இருந்த போனை மேசைக்குக் கீழே இறக்கினேன். அந்த நேரம் நான் பர் துபாயில் இருக்கிற தம்பியோடு மெசேஜில் கதைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஐம்பது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற கணக்கில் நான் வரமாட்டேன்.

அந்த ஐயாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்குக் கொன்னை. அவ்வளவு பெரிய பதிலை அந்தச் சத்தத்துக்குள் நான் சொல்லி முடிக்கிறதுக்குள் கேக் வெட்டி, சாப்பாடு முடிந்து, மண்டபத்துக்காரன் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருப்பான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

*

கொன்னை என்றால் திக்குவாய். உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். பாடும்போது பெரும்பாலும் வராது. தனியே இருந்து கதைத்தால் வராது. ஆடு மாட்டோடு கதைத்தால் வராது. ஒரு மனிதர் முன்னால் நின்று பதிலுக்குக் காத்திருக்கும்போதுதான் வரும். அதிலும் மோசம் சொந்தப் பெயர். மற்றச் சொல் என்றால் மாற்றிப் போடலாம். கடையில் 'பாண்' வாயில் வராவிட்டால் 'ரொட்டி' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். (வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். வீட்டில் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.) பெயரை அப்படி மாற்ற முடியாது. என் பெயர் 'க' வில் தொடங்குகிறது. எனக்கு மிகவும் கரைச்சல் தருகிற எழுத்தும் அதுதான்.

வடமராட்சியில் இருந்தவரைக்கும் அது பகிடிக்கான விசயமாக மட்டும் இருந்தது. 1997 இல் கொழும்புக்கு வந்த பிறகுதான் உயிர் சம்பந்தப்பட்ட விசயமானது. சோதனைச் சாவடியில் முதல் கேள்வியே பெயர்தான். "நம மொகத்த?" நான் வாயைத் திறக்கிறேன். 'க' வில் நிற்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் சிமிட்டுகிறது, வியர்க்கிறது. சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனைப் பற்றி அந்த ஆமிக்காரன் என்ன நினைப்பான்? அவனில் பிழை சொல்லமாட்டேன். அவன் இடத்தில் நான் நின்றாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இரண்டு மணித்தியாலம் வீதியோரத்தில் நின்றேன்.

அடுத்த நாள் ஒரு கடதாசி எடுத்து, பெயர், விலாசம், கொழும்பில் என்ன அலுவலாக நிற்கிறேன், எனக்குக் கதைப்பதில் குறை உண்டு என்பதையெல்லாம் மூன்று மொழியிலும் எழுதி வாங்கி, நாலாக மடித்துச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன். பிறகு எந்தச் சாவடியிலும் அதைத்தான் நீட்டினேன். அதிகமான இடங்களில் வாசித்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினார்கள்.

என் வாழ்க்கையில் நான் அனுப்பின முதல் ரெக்ஸ்ற் மெசேஜ் அதுதான்.

*

ஐயா, நீங்கள் குரலை ஒரு பெரிய உறவாகப் பார்க்கிறீர்கள். எங்கட சனத்துக்குக் குரல் எப்போதும் அப்படி இருக்கவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் காடையர்கள் வாகனங்களை மறித்து, 'பால்திய' என்று சொல்லச் சொன்னதாக அதில் தப்பி வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிங்களத்தில் அது வாளி. அந்த முதல் எழுத்தைத் தமிழ் நாக்கு சிங்கள நாக்குப்போல உச்சரிக்காது. ஒரு வாளிக்குப் பெயர் சொல்லத் தெரியாததால் செத்தவர்கள் எங்களில் உண்டு. வேதாகமம் படித்தவர்களுக்கு நியாயாதிபதிகள் புத்தகத்தில் யோர்தான் கரையில் நடந்தது ஞாபகம் வரும். அங்கேயும் 'ஷிபோலேத்' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால் இரண்டு கதையிலும் கனபேர் தப்பியிருப்பார்கள்.

அடுத்தது, போன் என்ற சாமானே எங்களுக்கு எப்போது வந்தது? 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு குடாநாட்டில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு உறவு எல்லாம் கடிதம்தான். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் செய்திப் படிவம் ஒன்று இருந்தது. உறையில் போட்டு ஒட்டாமல் திறந்தபடி போகும். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், வேறு எதுவும் எழுதக்கூடாது. 'நாங்கள் சுகம், நீங்கள் சுகமா, சின்னக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு.' இதை மெசேஜ் என்று சொல்லாமல் வேறு என்ன என்று சொல்வது?

பிறகு 'கொமினிகேசன்' கடைகள் வந்தன. உங்களுக்குப் போன் வந்திருக்கிறது என்று கடைக்காரர் ஆள் அனுப்புவார். போய் வரிசையில் இருந்து, தோளோடு தோள் முட்ட நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்க, வெளிநாட்டில் இருந்து எடுத்த பிள்ளையோடு கதைக்க வேண்டும். இயக்கம் என்று சொல்லமாட்டோம், ஆமி என்று சொல்லமாட்டோம், ஆளின் பெயர் சொல்லமாட்டோம். 'மழை பெய்யுதோ?' என்றால் செல் அடிக்கிறார்களோ என்று அர்த்தம். இப்படி ஒட்டுக்கேட்பாருக்கும் கடைக்காரருக்கும் பயந்து பயந்து கதைத்த சனம் நாங்கள். போனில் மனம் விட்டுக் கதைத்த பொற்காலம் ஒன்று இருந்ததாக ஐயா சொல்வது எந்த ஊரில் என்று எனக்குத் தெரியவில்லை.

*

2001 இல் பர் துபாய்க்கு வந்தேன். அல் பஹீதி வீதிக்குப் பக்கத்தில் ஒரு ரைப்பிங் சென்ரரில் வேலை. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அது என்ன கடை என்று தெரியும். விசா விண்ணப்பம், மெடிக்கல் படிவம், லேபர் கார்ட் பேப்பர், சம்பளக் கடிதம் என்று அரசாங்க அலுவலுக்குப் போகிற எதையும் முதலில் அங்கே கொண்டுபோய் ரைப் பண்ண வேண்டும். அரபிப் பக்கத்தை இரண்டு மலையாளிகள் பார்த்தார்கள். ஆங்கிலப் பக்கம் எனக்கு. வாடிக்கையாளர் பாஸ்போட் கொப்பியை நீட்டுவார், நான் அடித்துக் கொடுப்பேன். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைத்தால் போதும். கொன்னை வாய்க்குக் கடவுள் பார்த்துப் போட்ட வேலை.

இருந்தது 'பெட் ஸ்பேஸ்'. அறை அல்ல, ஒரு கட்டில் அளவு இடம். ஒரு அறைக்குள் மேலும் கீழுமாக ஆறு கட்டில். அப்போது எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. (2022 இல் இருந்துதான் அமீரகத்தில் அரசாங்க வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது.) வெள்ளிக்கிழமை என்றால் கோலிங் கார்ட் வாங்கி ஊருக்குப் போன் எடுக்கிற நாள். ஒருவர் கதைக்கும்போது மற்ற ஐந்து பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். கேட்காதமாதிரி நடிப்போம். ஆனால் கேட்கும்.

என் மேல் கட்டிலில் இராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். அவருடைய வெள்ளிக்கிழமைப் பேச்சு எனக்குப் பாடம். "சாப்பிட்டியா? புள்ளைங்க சாப்பிட்டுச்சா? மழை பெஞ்சுச்சா? பணம் வந்துச்சா? சரி, கார்டு முடியப்போகுது, வைக்கிறேன்." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே நாலு கேள்வி. அந்த மனிதருக்கு மனைவியோடு கதைக்க வேறு ஒன்றும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு பழைய நொக்கியா வாங்கினார். மெசேஜ் அடிக்க நான்தான் காட்டிக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். மனைவி பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பாராம். ஒரு இரவு மேல் கட்டிலில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. விடியப்புறம் வரைக்கும் தெரிந்தது. காலையில் கிறீக் கரையில் அப்ராவுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, எனக்குக் கல்யாணம் ஆகி பதினோரு வருசம். நேத்துதான் என் பொண்டாட்டிக்கிட்ட பேசினேன்."

அவர் ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் 'பேசினேன்' என்றுதான் சொன்னார். ஆறு பேர் இருக்கிற அறையில் ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே கதவு அந்தச் சின்னத் திரைதான். வீட்டில் தனி அறையும், அதற்கு ஒரு கதவும் இருக்கிறவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

அமீரகத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. உரிமம் வாங்காத இணையக் குரல் சேவைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. 2015 இல் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்து உலகம் முழுக்க எல்லோரும் இலவசமாகக் கதைக்கத் தொடங்கியபோதும் பர் துபாய்க்காரருக்கு அது எடுபடவில்லை. எழுத்துப் போகும், படம் போகும், பேசிப் பதிந்து அனுப்பினால் அதுவும் போகும். நேரடி அழைப்பு மட்டும் போகாது. மற்ற நாடுகளில் கூச்சப்பட்டவர்கள் எழுத்துக்குப் போனார்கள் என்றால், அங்கே நல்லாக வாய் உள்ளவர்களும் எழுதத்தான் வேண்டியிருந்தது. அப்படிப் பழகின கனபேர், வேறு நாட்டுக்குப் போய் அழைப்பு வேலை செய்கிற இடத்தில் இருந்துகொண்டும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ருசி கண்டுவிட்டார்கள்.

*

எழுத்தும் எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற எல்லையை வைத்தவர்களில் முக்கியமானவர் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மன்காரர். 1985 இல் சாதாரண வசனங்களை ரைப் பண்ணி எழுத்து எண்ணிப் பார்த்தார். தபாலட்டைகளில் சனம் எவ்வளவு எழுதுகிறது என்றும் பார்த்தார். ஒரு விசயத்தைச் சொல்ல அவ்வளவு போதும் என்று முடிவெடுத்தார். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 ஆம் தேதி இங்கிலாந்தில் போனது.

அந்த 160 லத்தீன் எழுத்துக்குத்தான். தமிழில் அடித்தால் எல்லை 70. அதிலும் புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி என்று எண்ணும். 'அம்மா' என்பது எங்களுக்கு மூன்று எழுத்து. கைத்தொலைபேசிக்கு ஐந்து. ஒரு நலம் விசாரிப்புக்கு இரண்டு மெசேஜ் காசு. போதாததுக்கு மற்றவருடைய போனில் தமிழ் எழுத்து இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாகத் தெரியும். அதனால்தான் என் தலைமுறை ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கப் பழகியது. 2005 இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தைக் கொண்டுவந்த பிறகுதான் கைத்தொலைபேசியில் தமிழை ஒழுங்காக எழுதலாம் என்றே கனபேருக்குத் தெரியவந்தது. இன்றைக்குச் சின்னப் பிள்ளையும் போனில் தமிழ் அடிக்கிறது. தமிழ் அழியப்போகிறது என்று மேடையில் கத்துகிறவர்கள் இதையும் ஒருக்கால் பார்க்கவேண்டும். வெளிநாட்டில் கடிதம் எழுதுகிறதை விட்ட ஒரு சனம், மெசேஜ் வந்த பிறகுதான் நாள்தோறும் தமிழ் எழுதுகிறது.

*

2009 ஐப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஜனவரியில் இருந்து மே வரைக்கும் போன் அடித்தால் என்ன நடக்கும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரவு இரண்டு மணிக்குப் போன் அடித்தால் அறையில் ஆறு பேரும் எழும்பி இருப்போம். எடுக்கிறதுக்கு முதலே கை நடுங்கும். இன்றைக்கும் எதிர்பாராத நேரத்தில் போன் மணி கேட்டால் எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்யும். அந்த ஐந்து மாதத்தைக் கடந்த எத்தனையோ பேருக்கு இது இருக்கிறது. அவர்களும் போனைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு மெசேஜைத்தான் பார்க்கிறார்கள். அதை நாகரிக மோகம் என்று சொன்னால் எப்படி?

அதே வருசம் துபாயில் பொருளாதாரம் விழுந்து என் வேலையும் போனது. விசாவை ரத்துச் செய்தால் அப்போது முப்பது நாள்தான் தவணை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் அமீரகம் சேரவில்லை. அங்கே நீங்கள் வேலைக்காரன், இல்லாவிட்டால் பயணி. மூன்றாவதாக ஒரு ஆள் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகிற நிலைமை இல்லை. எப்படியோ இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து தஞ்சம் கேட்டேன்.

தஞ்சம் என்பது முழுக்க முழுக்க வாயால் நடக்கிற அலுவல். உன் கதையைச் சொல். தேதி சொல். திரும்பச் சொல். முதல் சொன்னதுக்கும் இப்ப சொல்வதுக்கும் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று சொல். என் முறை வந்தபோது அதே சோதனைச் சாவடிதான். பெயரிலேயே நின்றுவிட்டேன். விசாரித்த அம்மையார் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் நிலத்தைப் பார்த்தார். நான் எழுதுகிறமாதிரிக் கையைக் காட்டினேன். அவர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டுக் கடதாசி தந்தார். மதியம் வரைக்கும் எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் அதை வாசித்து வாசித்துச் சொன்னார். அவர்கள் கேட்ட கேள்விக்கும் எழுதியே பதில் கொடுத்தேன். இந்த நாட்டில் இன்றைக்கு நான் இருப்பது அந்தக் கடதாசியால்.

ஆகவே ஐயா, எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பது சோம்பல் இல்லை. எழுதும்போதுதான் நான் என்ன நினைக்கிறேனோ அது அப்படியே மற்றவருக்குப் போகிறது. வாயால் போனால் பாதி வழியில் வேறு ஆளாகிவிடுகிறேன்.

*

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் வென்றுவிட்டேன். ஆனால் எனக்கு எதிரான சாட்சியையும் சொல்லத்தான் வேண்டும். சாட்சி என் அம்மா.

இங்கே வந்த பிறகு எட்டு வருசம் அம்மாவை நேரில் காணவில்லை. அகதிப் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. போனில் கதைத்தது அந்த எட்டு வருசத்தில் நாலைந்து தரம்தான் இருக்கும். அதுவும் அம்மா கேட்க நான் "ம்", "ஓம்" என்று சொன்னதோடு சரி. மற்றதெல்லாம் மெசேஜ். அக்காவுக்கு அனுப்புவேன், அக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவா. அம்மா சொல்வதை அக்கா எழுதுவா. சின்னச் சின்ன விசயமெல்லாம் எழுதுவேன். என்ன சமைத்தேன், பனி எவ்வளவு கொட்டினது, முதலாளி என்ன சொன்னார். நான் ஒரு நல்ல மகன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாள் தவறாமல் எழுதுகிற மகன் எத்தனை பேருக்கு இருக்கிறான்?

2017 இல் குடியுரிமை கிடைத்தது. ஆனாலும் ஊருக்குப் போக மனம் துணியவில்லை. எங்கட ஆக்கள் செய்கிறமாதிரி நடுவில் ஒரு நாட்டில் சந்திப்பது என்று முடிவாகியது. தம்பி அப்போது பர் துபாயில். அம்மாவுக்கு அவன் விசா எடுத்தான். அறுபத்தெட்டு வயதில் அம்மா முதல் முதலாகப் பிளேனில் ஏறி வந்தா.

மூன்று கிழமை ஒரே அறையில் இருந்தோம். முதல் இரண்டு நாள் நான் அதிகம் கதைக்கவில்லை, பழக்கதோசம். அம்மாவுக்கு அக்காவின் ஞாபகம் வந்து கதைக்க வேண்டும் என்றா. வட்ஸ்அப் அழைப்பு அங்கே போகாது என்று விளங்கப்படுத்தினோம். அக்கா பேசிப் பதிந்து அனுப்பினா. அம்மா போனைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டா. மூன்றாம் நாள் பின்னேரம் கிறீக் கரையில் இருந்து அப்ராக்கள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி வேணுமோ என்று அம்மாவைக் கேட்க வெளிக்கிட்டேன். 'தே' யில் நின்றுவிட்டது. திக்கித் திக்கிக் கேட்டு முடித்தேன். பார்த்தால் அம்மா அழுகிறா.

"ஏனம்மா?"

"ஒண்டுமில்லை. இப்பதான் நீ எண்டு தெரியுது."

பிறகுதான் சொன்னா. "அக்கா வாசிச்சுக் காட்டுவாள். நல்லாத்தான் இருக்கும். ஆனா அது நீ மாதிரி இல்லையடா. ஒரு இடத்திலயும் திக்காமல் நேராப் போகுது. ஆரோ எழுதிக் குடுத்த மாதிரி. போனில எடுத்தாலும் ம் எண்டுறாய். ம் எண்டு ஆரும் சொல்லலாம்தானே. நீ உண்மையா இருக்கிறியோ, இல்லாட்டி இதுகள் ரண்டும் சேந்து எனக்கு நாடகம் போடுதுகளோ எண்டு கூட ரண்டு மூண்டு தரம் யோசிச்சனான்."

எங்கள் ஊரில் இப்படி நடந்திருக்கிறது. பிள்ளை செத்ததைத் தாய்க்குச் சொல்லாமல் வருசக்கணக்காக மறைத்த வீடுகள் உண்டு. அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. எனக்கு வராமல் போனதுதான் பிழை. நான் ஒவ்வொரு நாளும் என் கொன்னையை அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன். அம்மா என்னை அடையாளம் பிடிக்கிறதே அதை வைத்துத்தான்.

*

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசித்தேன். (ஊர் என்று இந்தக் குளிர் நாட்டைச் சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா.) 1996 இல் ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் எழுதியது எனக்குச் சாதகமானது. எழுதிப் பழகும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, திருத்த இடம் இருக்கிறது, அதனால் சில வேளை நேரில் பழகுவதைவிட நெருக்கம் கூடும் என்கிறார். இராமநாதபுரத்து அண்ணனின் போர்வை வெளிச்சம் அதுதான்.

மற்ற இரண்டும் எனக்கு எதிர். 2012 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ற்சரும் மற்றவர்களும் சிறுமிகளுக்கு ஒரு பதற்றமான சோதனையை வைத்துவிட்டு, சிலரைத் தாயோடு நேரில் கதைக்கவும், சிலரைப் போனில் கதைக்கவும், சிலரை எழுத்தில் கதைக்கவும் விட்டார்கள். சிலருக்குத் தாயோடு ஒரு தொடர்பும் இல்லை. குரலைக் கேட்ட பிள்ளைகளின் உடம்பில் பதற்றத்தின் சுரப்புக் குறைந்தது, பாசத்தோடு சேர்ந்த சுரப்புக் கூடியது. எழுதின பிள்ளைகளின் உடம்பு, தாயோடு கதைக்காமலே இருந்த பிள்ளைகளின் உடம்புமாதிரியே இருந்தது. சொல் போய்ச் சேர்ந்தது, தாய் போய்ச் சேரவில்லை.

2021 இல் அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. பழைய சிநேகிதர் ஒருவரோடு திரும்பத் தொடர்பு கொள்ளச் சொன்னார்கள். போனில் எடுத்தால் சங்கடமாக இருக்கும் என்றுதான் ஆக்கள் நினைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் சங்கடம் எழுதினவர்களைவிடக் கூடவாக இருக்கவில்லை, நெருக்கம்தான் கூடவாக இருந்தது. கொன்னைக்காரருக்கு இது அப்படியே பொருந்துமோ தெரியாது. ஆனால் சங்கடத்தைப் பற்றி நாங்கள் முன்கூட்டிப் போடுகிற கணக்குப் பிழைக்கலாம் என்பது எனக்கும் பொருந்தும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான். எழுத்து நல்லதா குரல் நல்லதா என்ற கேள்வியே பிழை. யாருக்கு வசதி, யாருக்குச் செலவு என்றுதான் கேட்க வேண்டும். நானும் தம்பியும் எழுதுகிறோம். இரண்டு பேருக்கும் வசதி, ஒருவருக்கும் நட்டம் இல்லை. மேல் கட்டில் அண்ணனும் மனைவியும் அப்படித்தான். ஆனால் எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிற, கண் தெரியாத, குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிற ஒருவரோடு நாங்கள் எழுத்தில் மட்டும் நிற்பது, எங்கள் வசதிக்கு அவரைக் காசு கட்ட வைப்பது. எங்கள் தாய் தகப்பன்மாரில் பாதிப்பேர் இப்படித்தான். அவர்களுக்குப் போகிற மெசேஜை இன்னொருவர் வாசிக்கிறார். எங்கள் வார்த்தை போகிறது, வேறு ஆளின் தொண்டையால் போகிறது.

அதேமாதிரி மண்டபத்தில் தலையைக் குனிந்து ரைப் பண்ணுகிற பெடியனைப் பார்த்து 'வாய் இல்லாததுகள்' என்று சொல்ல முன்னமும் ஒருக்கால் யோசிக்க வேண்டும். அவன் யாரோடு கதைக்கிறான், ஏன் வாயால் கதைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

நான் இப்போதும் எழுதுகிற ஆள்தான். அக்காவுக்கு, தம்பிக்கு, சிநேகிதருக்கு எல்லாம் எழுத்து. அம்மாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். பத்து நிமிசக் கதை எனக்கு இருபத்தைந்து நிமிசம் எடுக்கும். சொல் நின்றுவிட்டால் மற்ற ஆக்கள் பாவம் பார்த்து அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துத் தருவார்கள். அம்மா அப்படிச் செய்வதில்லை. பேசாமல் காத்திருப்பா.

போன ஞாயிறு கத்தரிக்காய் விலையைப் பற்றி ஏதோ சொல்ல வெளிக்கிட்டு 'க' வில் நின்றுவிட்டேன். வழக்கத்தைவிடக் கனநேரம். அந்தப் பக்கம் அகப்பை சட்டியில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

"ஆறுதலாச் சொல்லு," என்றா அம்மா. "கறி கொதிக்க இன்னும் நேரம் கிடக்கு."